ஜீப்புக்கு எது சொந்த இன்ஜின்?

ரிட்டயர் ஆனவர்களில் சிலர் மாடித்தோட்டம் போடுகிறார்கள், சிலர் திவ்யதேசம் போகிறார்கள். நான் ஒரு ஜீப்பைக் கட்டிக்கொண்டு அழுகிறேன். 1968-ல் செய்த மஹிந்திரா வில்லிஸ், சிஜே 3பி மாடல். 2009-ல் காட்டுமன்னார்கோயில் பக்கம் ஒரு விவசாயி வீட்டு வைக்கோல் போருக்குப் பின்னால் கிடந்ததை வாங்கி, சிதம்பரத்துப் பட்டறையில் இரண்டு வருஷம் போட்டு எழுப்பியது. கடலூர் வீட்டு வாசலில் அது நிற்கும்போது பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். "ஒரிஜினலா சார்?" ஆமாம் என்று சொல்ல முடியவில்லை, இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை. ஏன் என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

ஜீப்பின் கதை தெரிந்ததுதான். 1940-ல் அமெரிக்க ராணுவம் கேட்டபடி முதல் மாதிரி வண்டியைச் செய்து கொடுத்தது பான்டம் என்ற சின்ன கம்பெனி. பெரிய ஆர்டர் போனது வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும். யுத்தம் முடிவதற்குள் இரண்டு பேரும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேல் செய்துவிட்டார்கள். பிறகு ஒவ்வொரு ஊரும் அதைத் தன் பாட்டுக்கு மாற்றிக்கொண்டது. பிலிப்பைன்ஸில் நீட்டி, கூரை போட்டு, 'ஜீப்னி' என்று டவுன் பஸ் ஆக்கினார்கள். பிரான்ஸில் ஹாட்ச்கிஸ் கம்பெனி லைசென்ஸ் வாங்கி, 1966 வரை தங்கள் ராணுவத்துக்குச் செய்து கொடுத்தது. நம் நாட்டில் 1947-ல் மஹிந்திரா, பாகம் பாகமாக வரவழைத்து பம்பாயில் பூட்ட ஆரம்பித்தது.

பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் ஜீப் என்றால் சர்க்கார். தாசில்தார் ஜீப், பிடிஓ ஜீப் என்றுதான் சொல்வார்கள். குமாஸ்தாவாக நான் பார்த்த வேலைகளில் ஒன்று, ஆபீஸ் வண்டியின் லாக் புக்கைச் சரிபார்ப்பது. எங்கே போனது, எத்தனை கிலோமீட்டர், எத்தனை லிட்டர், யார் கையெழுத்து. வண்டி தேய்ந்ததும் 'கண்டம்' செய்து ஏலம் விடுவோம். வண்டி போய்விடும். லாக் புக் ரெக்கார்டு ரூமில் கிடந்து கரையான் தின்னும். என் ஜீப்பும் அப்படி ஏலத்தில் போன சர்க்கார் வண்டிதான். பின்பக்கத் தகட்டைச் சுரண்டியபோது பச்சைக்கு அடியில் சாம்பல், அதற்கும் அடியில் பழைய இலாகா எழுத்தின் வெள்ளைச் சுவடு இருந்தது.

கடலோரத்தில் பழைய வண்டி வைத்திருப்பவனுக்கு முதல் எதிரி உப்புக்காற்று. மேல் தகடு துருப்பிடித்தால் கண்ணுக்குத் தெரியும், டிங்கரிங் செய்யலாம். சேஸ் உள்ளுக்குள் அரித்திருந்தால் தெரியாது. பட்டறை பாய் சின்னச் சுத்தியலால் முழ முழமாகத் தட்டிக்கொண்டே போனார். கணீரென்று கேட்ட இடம் நல்லது, பொத்தென்று கேட்ட இடத்தை வெட்டி எடுத்து வெல்டிங் வைத்தார். கிடைத்த சாமானைச் சென்னைப் புதுப்பேட்டையில் வாங்கினோம், கிடைக்காததை லேத்தில் கடைந்தோம். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியில் நாலு டயரும் ஒரே அளவாக, ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கியர்கள் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். முன்சக்கர லீவரைத் தார்ரோட்டில் தொடாதீர்கள் சார், சேற்றுக்கு மட்டும்தான் என்பது பாய் எனக்குச் சொன்ன முதல் பாடம்.

வில்லங்கம் இன்ஜினில் இருந்தது. இந்த மாடலுக்குப் பிறவியில் வந்தது 'ஹரிக்கேன்' என்ற பெட்ரோல் இன்ஜின். அதன் உயரத்துக்காகத்தான் பானட்டையே தூக்கி வைத்தார்கள். நான் வாங்கியபோது பானட் உயரமாகவே இருந்தது, உள்ளே வேறு இன்ஜின். எண்பதுகளில் மஹிந்திரா பிரெஞ்சு லைசென்ஸில் செய்த டீசல் இன்ஜின். எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் அதற்கு 'பிஜோ இன்ஜின்' என்று பேர். எக்ஸ்டிபி 4.90 என்பது மாடல். நாலு சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் விட்டம் என்பதுதான் அந்த எண்ணின் அர்த்தம். பழைய விவசாயி 1991-ல் மாற்றியிருக்கிறார். ஆர்சி புக்கிலும் முறையாக ஏற்றியிருந்தார்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு, தமிழ்நாட்டு ஆபீசில் தமிழிலும் இங்கிலீஷிலும் கோப்பு எழுதிக் காலம் தள்ளியவன் நான். அந்தப் படிப்பு சோறு போட்டதா என்று கேட்டால் இல்லை. ஆனால் இந்த இன்ஜினுக்குப் பிரெஞ்சிலேயே ஒரு பழைய கையேடு கிடைத்தபோது, பட்டறைத் தரையில் உட்கார்ந்து நான் படிக்க, பாய் போல்ட் முறுக்கினார். ஹெட் கேஸ்கட்டுக்கு 'ழுவான் த குலாஸ்' என்று நான் வாசித்ததும், "சாருக்கு இன்ஜினே மாமியார் வீடு மாதிரி ஆயிடுச்சு" என்று சிரித்தார்.

பிறகு 2021-ல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கு என்று தனி விதி கொண்டு வந்தது. 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும். சேஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. தேறினால் தனி எண், 10 வருஷப் பதிவு. வயதில் என் வண்டி தேறியது, இன்ஜினில் தேறவில்லை. அதே சமயம் சென்னையில் இருந்து பழைய வண்டி சேர்க்கிற ஒருவர் வந்தார். ஹரிக்கேன் இன்ஜின் ஒன்று தன்னிடமே இருக்கிறது, அதை மாட்டிக் கொடுத்தால் நான் செலவழித்ததைப் போல இரண்டு பங்கு தருகிறேன் என்றார். என் மகன் கொடுத்துவிடச் சொன்னான். வீட்டுக்காரிக்கும் அதுதான் எண்ணம். ஒரு வாரம் யோசித்தேன்.

நான் மறித்ததற்குக் காரணம் பிரெஞ்சுப் பாசம் அல்ல. காட்டுமன்னார்கோயில் வட்டத்தில் வீராணம் நிரம்பி உபரி நீர் திறந்தால் வயலும் ரோடும் ஒன்றாகிவிடும். பெட்ரோல் இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டரும் பிளக் வயரும் நனைந்தால் வண்டி அங்கேயே படுத்துவிடும். டீசலுக்கு அந்தத் தீப்பொறியே வேண்டாம். காற்று போகிற வழியில் தண்ணீர் ஏறாதவரை ஓடும். அந்த விவசாயி இன்ஜினை மாற்றியது டீசல் விலை குறைவு என்பதால் மட்டும் இல்லை. இந்த மண்ணின் வெள்ளம் தெரிந்ததால். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டபோது, எங்கள் தெருவில் விழுந்த மரங்களைக் கயிறு கட்டி லோ கியரில் இழுத்துப் போட்டது இந்த வண்டி. 2015 வெள்ளத்தில் முழங்கால் தண்ணீரில் பால் பாக்கெட்டும் தண்ணீர் கேனும் சுமந்தது. ஹரிக்கேனை மாட்டினால் 1968-ல் பம்பாயை விட்டு வந்த வண்டி கிடைக்கும். நம் மாவட்டத்தில் ஓடிய வண்டி காணாமல் போய்விடும்.

நஷ்டம் இல்லாமல் இல்லை. தனிப் பதிவு கிடையாது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022-ல் 5,000 ஆனது. இப்போது இன்னும் ஏறிவிட்டது. பவர் ஸ்டியரிங் கிடையாது, என் இடது தோள் மூட்டு அதை ஒவ்வொரு வளைவிலும் ஞாபகப்படுத்துகிறது. 2023 ஏப்ரல் முதல் 15 வருஷம் தாண்டிய சர்க்கார் வண்டிகளுக்குப் பதிவைப் புதுப்பிப்பதும் நின்றுவிட்டது. அவை நேரே உடைக்கத்தான் போகும். என் வண்டி மாதிரி ஏலத்தில் தப்பித்து ஊருக்குள் இரண்டாவது பிழைப்பு பிழைக்கிற ஜீப் இனி வராது.

அதனால் ஒரு காரியம் செய்திருக்கிறேன். நீளமான கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி, வண்டிக்கு லாக் புக் எழுதிக்கொண்டிருக்கிறேன். எந்த வருஷம் எந்தச் சாமான் மாறியது, எங்கே வாங்கினோம், எதை லேத்தில் கடைந்தோம், சேஸில் எந்த இடத்தில் வெல்டிங் இருக்கிறது எல்லாம் இருக்கிறது. 1991-ல் இன்ஜினை மாற்றியது ஏன் என்பதைத் தெரிந்துகொள்ள அந்த விவசாயியின் தம்பி வீட்டுக்கே போய்க் கேட்டு எழுதினேன். எனக்குப் பிறகு ஓட்டுகிறேன் என்று பாயின் மகன் சொல்லியிருக்கிறான். சாவியைக் கொடுக்கும்போது நோட்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். போன வாரம்தான் கிளச் பிளேட் மாற்றினோம். அதை இன்னும் ஏற்றவில்லை, இன்று ராத்திரி எழுதிவிட வேண்டும்.