சேதுவில் எடுத்த மணல்

எங்கள் பூஜையறையில், சுவாமி படங்களுக்குக் கீழே ஒரு சிறிய செப்புச் சொம்பு 28 ஆண்டுகள் இருந்தது. அதன் வாய் மஞ்சள் துணியால் கட்டப்பட்டிருந்தது. உள்ளே இருந்தது தனுஷ்கோடி மணல்.

1996ஆம் ஆண்டு நானும் என் மனைவியும் காசி யாத்திரைக்குச் சங்கல்பம் செய்துகொண்டு இராமேசுவரம் சென்றோம். அந்நாளில் தனுஷ்கோடிக்கு நல்ல சாலை கிடையாது. மணலிலும் நீரிலும் குலுங்கிச் செல்லும் வேனில்தான் போக வேண்டும். சேது ஸ்நானம் முடித்து, புரோகிதர் சொன்னபடி ஈர மணலை லிங்கமாகப் பிடித்துப் பூஜித்து, அதில் ஒரு பகுதியை எடுத்து வந்தோம். அதைப் பிரயாகையில் திரிவேணி சங்கமத்தில் கரைக்க வேண்டும். வடக்கேயிருந்து கங்கை நீரைக் கொணர்ந்து இராமநாத சுவாமிக்கு அபிஷேகம் செய்ய வேண்டும். அப்போதுதான் யாத்திரை நிறைவுபெறும் என்பது பெரியோர் வழக்கு.

அவ்வாண்டு மகளின் திருமணம் வந்தது. பிறகு வீட்டுக் கடன். அதன்பின் அவளுக்கு மூட்டுவலி. “அடுத்த வருஷம் கட்டாயம் போயிடலாங்க” என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்வாள். 2011இல் அவள் இறைவனடி சேர்ந்தாள். அதன் பின்னரும் காசிக்குச் செல்ல எனக்கு உடலில் வலுவும் கையில் பணமும் இருந்தன. ஆயினும் நாள்தோறும் சொம்பைத் துடைத்துப் பூ வைத்ததோடு நிறுத்திக்கொண்டேன். அவள் கையால் அள்ளிய மணலை விட்டுக் கொடுக்க மனம் வரவில்லை என்பதே உண்மை.

2024ஆம் ஆண்டு தை அமாவாசைக்கு மகன் குடும்பத்தோடு மீண்டும் இராமேசுவரம் சென்றேன். ஒன்பது வயதுப் பேரன் அரிச்சல்முனைக் கடற்கரையில் ஒரு பை நிறையக் கிளிஞ்சல்களும் சங்குகளும் பொறுக்கினான். வீடு திரும்பியதும், அவற்றுள் பெரிய சங்கைச் சுவாமிக்கு முன்னால் வைக்கச் சொன்னவன் நான்தான்.

மூன்றாம் நாள் பூஜையறையில் தாங்க முடியாத நாற்றம். சங்கைக் கவிழ்த்துத் தட்டினேன். உள்ளிருந்து ஒரு சிறு நண்டு விழுந்தது. உயிர் இல்லை.

துறவி நண்டு என்று அதைச் சொல்வார்கள். தனக்கென ஓடு கட்டிக்கொள்ளத் தெரியாத பிராணி அது. வேறோர் உயிர் விட்டுச் சென்ற சங்கைத் தேடிக் குடிபுகும். உடல் வளர்ந்ததும் அதை விட்டு நீங்கிப் பெரியதொன்றைத் தேடும். ஆள் அரவம் கேட்டால் உள்ளே ஒடுங்கிக்கொள்ளும். குழந்தை அதைக் காலிச் சங்கு என்று எண்ணியதில் வியப்பில்லை.

பேரன் அழுதான். “சுவாமி கோவிச்சுப்பாரா தாத்தா?” என்றான். “தெரியாமல் செய்தாய் அப்பா. கேட்டுப் பார்க்காமல் வாங்கி வைத்தவன் நான்தான்” என்றேன். அவன் பார்வை செப்புச் சொம்பின்மேல் சென்றது.

“அதுல என்ன இருக்கு?”

“பாட்டி எடுத்துவந்த மணல். கங்கையில கரைக்கணும்.”

“அப்புறம் ஏன் இங்கயே இருக்கு?”

என்னிடம் விடை இல்லை. அன்றிரவு உறக்கமும் இல்லை. மறுநாள் எங்கள் குடும்ப வாத்தியாரிடம் கேட்டேன். “எடுத்தவருக்காக நீங்கள் கொண்டு சேருங்கள்” என்றார்.

கார்த்திகையில் மகன் துணையோடு பிரயாகை சென்றேன். படகிலிருந்து மணலை நீரில் விட்டபோது கை நடுங்கியது. ஒரு நொடிதான், அது கங்கையோடு போயிற்று. 13 ஆண்டுகளாக நெஞ்சில் இருந்த பாரமும் உடன் போயிற்று.

கங்கை நீருடன் இராமேசுவரம் திரும்பியபோது, பேரனும் தன் பையோடு வந்தான். அபிஷேகம் கண்குளிரக் கண்டபின் அரிச்சல்முனை சென்றோம். அலை எட்டும் எல்லைக்குச் சற்று மேலே சங்குகளை ஒவ்வொன்றாக வைத்தான். பைக்குள் நட்சத்திரத் துளைகள் நிறைந்த வெள்ளைக் கல் ஒன்றும் இருந்தது. அது பவளம். அதன் ஒவ்வொரு துளையும் ஒரு சிற்றுயிர் வாழ்ந்த அறை. பவளங்களை எடுப்பதை நம் நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2001 முதல் தடுக்கிறது. அதையும் கடலிலேயே விட்டான்.

அன்பர்களே, சேது கட்டிய காலத்து அணிலின் கதையை நம் பேரக்குழந்தைகளுக்குச் சொல்கிறோம். அந்த அணிலும் இக்கரை மணலைத்தான் சுமந்தது. ஆனால் உடலில் ஒட்டியதை அணையில் உதறிவிட்டு மீண்டும் ஓடியது. தனக்கென ஒரு துகளும் வைத்துக்கொள்ளவில்லை. சங்கல்பத்தோடு எடுத்த ஒரு பிடி மணலுக்குச் சேர வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஆசைக்காக எடுக்கும் சங்குக்கோ, அது கிடந்த கரையே இடம். தீர்த்தக் கரையிலிருந்து புறப்படுமுன் குழந்தைகளின் பையை ஒருமுறை பாருங்கள். உங்கள் பூஜையறையில் இன்னும் போய்ச் சேராத சொம்பு ஏதும் இருந்தால், அதையும் பாருங்கள்.

சொம்பு இருந்த இடத்தில் இப்போது ஓர் அகல் எரிகிறது. இராமநாத சுவாமி அனைவரையும் காக்கட்டும்.