மலிவு எவருக்கு?

கைபேசி இணையத்தின் விலையைப் பிற நாடுகளோடு ஒப்பிட்டு வகுப்பறையில் நாமும் பெருமைப்பட்டதுண்டு. அது பொய்யன்று. 2016 செப்டம்பரில் ஜியோ வருமுன் ஒரு ஜிபிக்கு ஏறத்தாழ 250 ரூபாய் தந்தோம். இன்று அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஆயின் கிராமத்தில் தனித்திருக்கும் எம் தாயாரிடம் இருப்பது பொத்தான் கைபேசி. அவருக்கு இணையம் வேண்டாம். அழைப்பு வந்தால் போதும். 2006இல் ‘ஆயுட்கால’ இணைப்பென்று வாங்கித் தந்தோம். 2018 இறுதியில் குறைந்தபட்ச ரீசார்ஜ் முறை வந்தபின் அந்த ஆயுள் 28 நாளாகச் சுருங்கிற்று. ஆண்டுக்குப் பன்னிரண்டன்று, பதின்மூன்று முறை. விடைத்தாள் திருத்தும் நாட்களில் ஒருமுறை மறந்துபோனோம். பதறி ஊருக்குச் சென்றபோது, “நீ கூப்பிடுவேன்னு போனைத் தலமாட்டுலயே வச்சிருந்தேம்ப்பா” என்றார்.

டிராய் ஆணைக்குப்பின் 2025இல் இணையமில்லாத் திட்டங்கள் வந்தன. அவையும் 84 நாளுக்கோ ஓராண்டுக்கோ மொத்தமாகச் செலுத்த வேண்டியவையே. பிரிட்டனில் பேசுமளவுக்கே பணம் பிடிக்கும் சிம்கள் உண்டு. சில மாதங்களுக்கொருமுறை ஓர் அழைப்பு விடுத்தாலே எண் நிலைத்திருக்கும்.

ஜிபிக்கு என்ன விலை என்ற கணக்கில் நாம் வெல்கிறோம். ஓர் எண்ணை உயிரோடு வைத்திருக்க என்ன விலை என்ற கணக்கில் தோற்கிறோம். எம் தாயாருக்கு உரியது இரண்டாவது கணக்கு.