நிறமும் உப்பும்

சில மாதங்களுக்கு முன் எங்கள் பங்கில் பருவநிலை மாற்றத்தைக் குறித்து ஒரு கலந்துரையாடல் நடைபெற்றது. கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி எழுந்து, "பூமி சூடாகிறது என்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தெரிந்தும் மக்கள் ஏன் மாறவில்லை?" என்று கேட்டாள். பேச வந்தவர் புள்ளிவிவரங்களோடு விடை கூறினார். கூட்டம் கைதட்டிக் கலைந்தது. நான் அந்த வினாவைச் சுமந்துகொண்டு வீடு திரும்பினேன். வழியில் நொய்யல் பாலத்தைக் கடக்கும்போது, அவளுக்குச் சொல்லவேண்டிய விடை என்னிடமே இருப்பதாகத் தோன்றியது. அதை எல்லார் முன்னும் எழுந்து நின்று சொல்லும் துணிவு எனக்கு இருந்ததில்லை. எழுத்திலாவது சொல்ல முயல்கிறேன்.

நான் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் கணக்கு எழுதியவன். 1980களின் நடுவில் வேலைக்குச் சேர்ந்தேன். வெள்ளைப் பனியனுக்குப் பெயர் பெற்றிருந்த ஊர், வண்ண ஆடைகளைத் தைத்து வெளிநாடுகளுக்கு அனுப்பத் தொடங்கியிருந்த காலம் அது. சந்துக்குச் சந்து சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் முளைத்தன. மழையை நம்பி வாழ்ந்த மேட்டாங்காட்டுக் குடும்பங்களின் பிள்ளைகள் வாரந்தோறும் சனிக்கிழமை கையில் சம்பளம் வாங்கினார்கள். அவர்களுள் நானும் ஒருவன். என் தங்கையின் திருமணத்தை நடத்தியதும், வீட்டுக்கு ஓடு மாற்றியதும் அந்தச் சம்பளம்தான். அந்தத் தொழிலைப் பழித்து எழுத எனக்கு உரிமையில்லை. உள்ளதை உள்ளபடி எழுதும் கடமை உண்டு.

பருத்தித் துணியில் சாயம் தானாக ஏறாது. சாயம் நீரைவிட்டு நூலைப் பற்றவேண்டுமானால் நீரில் உப்பு வேண்டும். நிறத்தின் ஆழத்துக்கேற்ப, ஒரு லிட்டர் நீருக்கு முப்பது கிராம் முதல் எண்பது கிராம் வரை உப்பு இடுவார்கள். வெளிர் நிறத்துக்குக் குறைவு. கருப்புக்கும் கடல் நீலத்துக்கும் மிகுதி. உப்பின் வேலை சாயத்தைத் துணிக்குள் தள்ளுவது மட்டுமே. அது துணியோடு போவதில்லை. துணி வெளியேறிய பிறகு, இட்ட உப்பு முழுவதும் நீரில் தங்கிவிடுகிறது. அந்த நீர் வாய்க்காலுக்குப் போகும். வாய்க்கால் ஆற்றுக்குப் போகும்.

நாள்தோறும் வந்திறங்கும் உப்பு மூட்டைகளை எண்ணி ஏட்டில் பதிவது என் வேலை. இத்தனை மூட்டை வரவு, இத்தனை மூட்டை செலவு என்று எழுதி, அடியில் கோடிட்டுக் கையெழுத்திடுவேன். செலவான உப்பு எங்கே போயிற்று என்று கேட்க என் ஏட்டில் ஒரு பத்தி இல்லை. அப்படி ஒரு பத்தி வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் ஆறு நொய்யல். காஞ்சிமாநதி என்று பழம்புராணம் போற்றிய ஆறு. எங்கள் காலத்தில் அது காலையில் சிவப்பாகவும் மாலையில் பச்சையாகவும் ஓடியது. அதைக் கண்டு ஊர் வருந்தியது என்று எழுதினால் பொய்யாகும். "அடுத்த பருவத்துக்கு வெளிநாட்டில் என்ன நிறம் என்று நொய்யலைப் பார்த்தாலே தெரியும்" என்று தேநீர்க் கடைகளில் பெருமையாகப் பேசிச் சிரித்தோம். ஆற்றில் நிறம் ஓடினால் ஊரில் பணம் ஓடுகிறது என்று பொருள். அன்றைய பொதுமனநிலை அதுதான். எவருக்கும் தெரியாமல் எதுவும் நடந்துவிடவில்லை. ஆறு தன் நிலையைப் பட்டப்பகலில் எல்லாருக்கும் காட்டிக்கொண்டேதான் ஓடியது.

என் அக்காவைச் சென்னிமலைப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் மணமுடித்துக் கொடுத்திருந்தோம். 1992-இல் நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை திறக்கப்பட்டபோது, அணைக்குக் கீழே இருந்த அந்த ஊரில் பொங்கல் வந்ததுபோல் மகிழ்ந்தார்கள். பல ஆயிரம் ஏக்கர் பாசனம் பெறும் என்பது திட்டம். மாமா புதிதாகத் தென்னை நட்டார். அதே 1992-இல்தான் உலக நாடுகள் பிரேசிலின் ரியோ நகரில் கூடி, பருவநிலை மாற்றத்தைத் தடுப்பதற்கான உடன்படிக்கையில் கையெழுத்திடத் தொடங்கின. செய்தித்தாளில் அதை நானும் படித்தேன். நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று பக்கத்தைப் புரட்டியதும் நினைவிருக்கிறது.

அணையில் நீர் நிறைந்தது. அது எங்கள் பட்டறைகளின் நீர். சில ஆண்டுகளிலேயே அது பாசனத்துக்கு உதவாது என்று தெரிந்துவிட்டது. தேங்கிய நீர் நிலத்துக்குள் இறங்கி, சுற்றிலுமிருந்த கிணறுகளைக் கெடுத்தது.

ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறையில் அக்காள் வீட்டுக்குச் சென்றிருந்தேன். உச்சி வேளை கடந்தும் சோறு பரிமாறப்படவில்லை. அடுப்படிக்குச் சென்று பார்த்தேன். அக்காள் பருப்புச் சட்டியின்முன் அமர்ந்திருந்தாள். "காலையிலிருந்து வேகுது கண்ணு. பருப்பு மலரவே மாட்டேங்குது. கிணத்துத் தண்ணி அப்படி ஆயிருச்சு" என்றாள். குடத்திலிருந்து ஒரு வாய் அருந்திப் பார்த்தேன். நிறமில்லை, நாற்றமில்லை, கண்ணுக்குத் தெளிந்த நீர். நாவில் மட்டும் உப்பு.

அந்தச் சுவையை நான் அறிவேன். நாள்தோறும் மூட்டை மூட்டையாக வரவு வைத்தவன் அல்லவா? ஆனாலும் அக்காளிடம் ஒரு சொல் கூறவில்லை. "மழை பெய்தால் சரியாகிவிடும்" என்றேன். மாமா என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

1996-இல் கரூர்ப் பகுதி விவசாயிகள் உயர்நீதிமன்றத்தை நாடினார்கள். அப்போது ஊரின் பேச்சு மாறியது. சிரிப்பு மறைந்து சினம் வந்தது. "விவசாயத்தில் என்ன வருமானம் வந்துவிடும்? நாம் எத்தனை இலட்சம் பேருக்குச் சோறு போடுகிறோம்!" என்றார்கள். "வீட்டுச் சாக்கடையும்தானே ஆற்றில் கலக்கிறது, எங்களை மட்டும் ஏன் கேட்கிறார்கள்?" என்றார்கள். இரண்டிலும் ஓரளவு உண்மை இருந்தது. பாதி உண்மையைப்போல் மனசாட்சியைத் தூங்கவைக்கும் தாலாட்டு வேறில்லை.

பிறகு சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. சுண்ணாம்பும் பிற இரசாயனங்களும் இட்டு நிறத்தை நீக்கினார்கள். வெளியேறிய நீர் முன்னைக்குத் தெளிவாக இருந்தது. எங்கள் மனமும் தெளிந்தது. கடமை முடிந்தது என்று எண்ணிக்கொண்டோம். ஆனால் சுண்ணாம்புக்கு உப்பைப் பிரிக்கும் ஆற்றல் கிடையாது. நீரில் கரைந்த உப்பு கரைந்தபடியே கீழே போய்க்கொண்டிருந்தது. கண்ணை உறுத்திய நிறத்தை நீக்கிவிட்டு, கண்ணுக்குத் தெரியாத உப்பை அயலார் வயலுக்கு அனுப்பிவைத்தோம். இந்த ஒன்றைத்தான் அந்தப் பெண்ணுக்கு முதலில் சொல்ல விரும்புகிறேன். நம் கண்ணுக்குக் கூச்சம் தராத அளவுக்கு மாறிவிட்டு, மாறிவிட்டதாக நாம் நம்பிவிடுகிறோம்.

தென்னைகள் மெலிந்தன. காய் சிறுத்தது. மாமா மாடுகளை ஒவ்வொன்றாக விற்றார். பின்னர் அவரும் திருப்பூருக்கு வந்து, ஒரு பனியன் கம்பெனியில் இரவுக் காவலராகச் சேர்ந்தார். தன் நிலத்தைக் கெடுத்த ஊரிலேயே சம்பளம் வாங்கிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தார். ஒருநாள்கூட என்னை அவர் குறை கூறியதில்லை. கூறியிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

வழக்குகள் தொடர்ந்தன. 2006 டிசம்பரில் உயர்நீதிமன்றம், கழிவுநீர் ஒரு சொட்டும் ஆற்றில் விடப்படாத நிலையை எட்டவேண்டும் என்று ஆணையிட்டது. அதுவரை வெளியேறும் ஒவ்வொரு லிட்டருக்கும் பைசாக் கணக்கில் அபராதம் விதித்தது. 2009 அக்டோபரில் உச்சநீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அப்போதும் காலக்கெடு நீளும் என்றே ஊர் நம்பியது. 2011 சனவரி 28 அன்று, சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடும்படி உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. பிழைக்க வந்தவர்கள் மூட்டை முடிச்சுகளோடு தொடர்வண்டி நிலையத்தில் காத்துக்கிடந்தார்கள். தேநீர்க் கடைகளில் அமர்ந்து எல்லாரையும் ஏசினோம்: நீதிமன்றத்தை, அரசை, விவசாயிகளை.

அந்த வாரத்தில் அக்காளிடமிருந்து தொலைபேசி வந்தது. மகிழ்ந்திருப்பாள் என்று நினைத்தேன். மகிழ அவளுக்கு நியாயமும் இருந்தது. "உனக்கும் வேலை போயிருச்சா கண்ணு? பையனுக்கும் வாரத்துல ரெண்டு நாள்தான் வேலைங்கறான். ரேஷன் அரிசி இருக்குது, வந்து எடுத்துட்டுப் போ" என்றாள்.

எனக்குப் பேச்சு எழவில்லை. அடுத்த ஞாயிறு போனேன். உப்பு மூட்டைகளின் கணக்கை, அதுநாள்வரை எவரிடமும் சொல்லாததை, அவளிடம் சொன்னேன். வரவு எழுதியது நான், செலவு எழுதியது நான், அது எங்கே போகிறது என்று அந்தக் கிறிஸ்துமஸ் நாளிலேயே உன் குடத்து நீரில் தெரிந்துகொண்டவனும் நான் என்றேன். அக்காள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அன்னைக்கே சொல்லியிருந்தா தண்ணி மாறியிருக்காது. எனக்கு உம்மேல இருந்த நெனப்பு வேணா மாறாம இருந்திருக்கும்" என்றாள். அரிசியைக் கட்டிக் கொடுத்துத்தான் அனுப்பினாள்.

அதற்குப் பின் நடந்ததை ஊர் அறியும். அரசு கடனுதவி அளித்தது. நுண்சவ்வுகளின் வழியே அழுத்தி நீரைப் பிரித்தும், எஞ்சிய உப்புநீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கியும், நீரையும் உப்பையும் மீட்டு மறுபடி சாயமேற்றப் பயன்படுத்தும் நிலையங்கள் எழுந்தன. பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. முடியவே முடியாது என்று எந்தத் தொழிலார் சொன்னார்களோ, அவர்களே வரும் விருந்தினருக்கு அந்த நிலையங்களைப் பெருமையோடு சுற்றிக் காட்டுகிறார்கள். பல்லடம், உடுமலைப்பேட்டைப் பக்கம் காற்றாலைகள் சுழல்கின்றன. ஆலைக் கூரைகளில் சூரியத் தகடுகள் மின்னுகின்றன. ஐரோப்பிய வணிகர்கள் துணியின் விலையோடு, அதைச் செய்ய எவ்வளவு கரி வெளிப்பட்டது என்றும் கேட்கிறார்கள். முதலில் சிரித்தோம், பின்பு சினந்தோம், பின்பு அஞ்சிப் பணிந்தோம், இப்போது பெருமைப்படுகிறோம். இது மனமாற்றமா, வணிகமா என்று சிலர் கேட்கலாம். கட்டாயத்தால் தொடங்கி, பழக்கமாகி, ஒரு தலைமுறைக்குப் பின் இயல்பாகிவிடும் நன்மையை நான் இகழமாட்டேன். நம்மில் பலருக்கு நல்லொழுக்கம் அப்படித்தான் வந்தது.

எனினும் கணக்கு இன்னும் தீரவில்லை. உப்புநீரைக் கொதிக்கவைக்க நீராவி வேண்டும். நீராவிக்காகக் கொதிகலன்களில் விறகு எரிகிறது. ஆற்றில் விடாததன் ஒரு பங்கை வானத்தில் விடுகிறோம். அந்தப் புகையில் கலந்துள்ள கரியமில வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை; அக்காள் வீட்டுக் குடத்து உப்பைப்போல. அதுவும் எங்கோ ஒரு கீழ்மடையில் போய்த்தான் சேரும்: ஒரு மீனவர் குப்பத்தின் கரையிலோ, மழை பொய்த்த ஒரு மேட்டாங்காட்டிலோ. "மற்ற ஊர்களில் இந்தக் கட்டுப்பாடு இல்லையே, நாம் மட்டும் ஏன் செலவழிக்கவேண்டும்?" என்று எங்கள் தொழிலார் இன்றும் குறைப்படுகிறார்கள். உலக மாநாடுகளில் நாடுகளும் இதே சொற்களைத்தான் பேசுகின்றன. எனக்கு அவை பழகிய சொற்கள்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடல், பூமியின் அழுகுரலையும் ஏழையின் அழுகுரலையும் ஒன்றாகக் கேட்கச் சொல்கிறது. அதைப் படித்தபோது எனக்கு மலைகளோ பனிப்பாறைகளோ நினைவுக்கு வரவில்லை. வேகாத பருப்பின்முன் அமர்ந்திருந்த ஒரு பெண்தான் நினைவுக்கு வந்தாள்.

மகளே, தெரிந்தும் ஏன் மாறவில்லை என்று கேட்டாய். தெரிந்தவர்களிடம் சம்பளம் இருந்தது. அனுபவித்தவர்களிடம் குரல் இல்லை. இடையில் ஒரு நீதிமன்றம் வரவேண்டியிருந்தது. அது வருவதற்குள் நிலத்தில் இறங்கிய உப்பு இன்றும் முழுதாக வெளியேறவில்லை. மனம் மாறிய வேகத்தில் மண் மாறுவதில்லை. உன் தலைமுறை எழுதப்போகும் ஏடுகளில், செலவானது எங்கே போயிற்று என்று கேட்கும் ஒரு பத்தியை முதல் நாளிலேயே வரைந்துகொள்ளுங்கள்.

அக்காள் இன்றும் சமையலுக்குக் குழாய்த் தண்ணீரைத்தான் பிடித்துவைக்கிறாள். சென்ற மழைக்காலத்தில் கிணறு நிறைந்தபோது, ஒரு வாளி இறைத்து என்னிடம் நீட்டி, "குடிச்சுப் பாரு கண்ணு, கொஞ்சம் கொறஞ்சிருக்குதா?" என்று கேட்டாள். குடித்தேன். இம்முறை உண்மையைச் சொன்னேன்: "கொஞ்சம் குறைந்திருக்கிறது அக்கா. இன்னும் இருக்கிறது."