முகம் கழுவுதல் பற்றி

1

'மென்மையான' என்ற சொல்லைக் கொஞ்ச காலத்துக்கு விமர்சனத்திலிருந்து விலக்கிவைத்தால் நல்லது என்று தோன்றுகிறது. ஒரு கவிதைத் தொகுப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லாதபோது மதிப்புரைக்காரர் 'மென்மையான கவிதைகள்' என்று எழுதிவிடுகிறார். கவிஞருக்கும் மனக்குறை இல்லை, வாசகனுக்கும் நஷ்டமில்லை. இதே சொல்தான் இப்போது முகம் கழுவும் திரவங்களின் புட்டிகள் மேலெல்லாம் உட்கார்ந்திருக்கிறது. ஒரு வித்தியாசம். புட்டியைத் திருப்பிப் பார்க்கலாம். ஒரு சதவீதத்துக்கு மேல் கலந்துள்ள பொருள்களை அளவு குறைந்துகொண்டு போகும் வரிசையில் அச்சிட வேண்டுமென்று 2020-இன் அழகுப்பொருள் விதிகள் சொல்கின்றன. முன்பக்கம் பொய் சொன்னால் பின்பக்கம் காட்டிக்கொடுத்துவிடும். கவிதைத் தொகுப்புகளுக்கு இப்படி ஒரு சட்டம் இல்லை.

இன்னொரு சொல், 'சருமம்'. வீட்டில் யாரும் இந்தச் சொல்லைப் பேசுவதில்லை. விளம்பரத்தில் பளபளப்பது சருமம். ஆஸ்பத்திரியில் அரிப்பெடுத்து, சிவந்து, உரிவது தோல். கடைக்குப் போகிறவள் சருமத்தோடு போகிறாள், டாக்டரிடம் போகும்போது அது தோலாகிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் என்ன நேர்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

2

என் சித்தி பெண்ணுக்கு வயது 26. அடையாறில் வீடு, தி. நகரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை. சென்ற வருஷம் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் தரகர் மூலம் சொல்லியனுப்பினார்கள்: 'பொண்ணு லட்சணம்தான். கலர்தான் கொஞ்சம் கம்மி.' பக்கத்து மருந்துக்கடையில் ஒரு களிம்பு கிடைத்தது. சீட்டு யாரும் கேட்கவில்லை. மூன்று வாரத்தில் முகம் வெளுத்தது. எல்லோரும் சொன்னார்கள், அவளும் நம்பினாள். மூன்றாவது மாதம் முகத்தில் பரு. களிம்பை நிறுத்தினால் எரிச்சல், சிவப்பு. மறுபடி தடவினால் அடங்கிற்று. அதனால் மறுபடி தடவினாள். கடைசியில் கன்னத்தில் ரத்தக் குழாய்கள் மெல்லிய சிவப்புக் கோடுகளாகத் தெரிய ஆரம்பித்தன. பச்சைத் தண்ணீர் பட்டாலே எரிகிறது என்றாள்.

அந்த டியூபை என்னிடம் கொடுத்து, "அண்ணா, நீ இங்கிலீஷ் லிட்ரேச்சர்தானே, இதப் படிச்சுச் சொல்லேன்" என்றாள். எழுத்து எறும்பு ஊர்வதுபோல இருந்தது. மூன்று பெயர்கள். மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. ஹைட்ரோகுவினோன் நிறத்தை மட்டுப்படுத்துவது. ட்ரெட்டினாயின் மேல்தோலை வேகமாக உதிரவைப்பது. மங்கு என்கிற கரும்படலத்துக்கு டாக்டர் கொஞ்ச நாளைக்கு மட்டும், கண்காணித்துக் கொடுக்கிற கலவை அது. 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சுமருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலுக்குள் கொண்டுவந்தது. பட்டியல் அரசிதழில் இருக்கிறது. டியூப் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது.

ஸ்கின் டாக்டர் அதிகம் பேசாத அம்மாள். களிம்பை எப்படிப் படிப்படியாக விடுவது என்று எழுதிக்கொடுத்தார். பிறகு, "முகத்துக்கு மைல்டா ஒரு க்ளென்சர். வாசனை கூடாது. வேற ஒண்ணும் போடாதீங்க" என்றார். இவள் கேட்டாள்: "என் ஸ்கின் டைப்புக்கு எது டாக்டர்?" அவர் சொன்னது: "இப்ப உங்க ஸ்கின்னுக்கு டைப்பே கிடையாதும்மா. புண்ணு அது. மொதல்ல ஆறட்டும்."

3

வறண்ட சருமம், எண்ணெய்ச் சருமம், சாதாரண சருமம் என்ற பிரிவினை ஆய்வுக்கூடத்தில் பிறந்ததல்ல. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுப்பொருள் வியாபாரத்தில் சாம்ராஜ்யம் கட்டிய ஹெலினா ரூபின்ஸ்டைன் பெயரோடுதான் அதைச் சேர்த்துச் சொல்கிறார்கள். வியாபாரத் தர்க்கம் எளிது. எல்லோருக்கும் ஒரே ஜாடி என்றால் ஒரு ஜாடி விற்கும். மூன்று ரகம் என்றால் மூன்று ஜாடி. அதற்காக அந்தப் பிரிவினையை முழுப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. எண்ணெய்ச் சுரப்பு ஆளுக்கு ஆள் மாறுகிறது. பருவ வயதில் கூடுகிறது, பெண்களுக்கு மாதவிலக்கு நின்றபின் குறைகிறது. ஆனால் இதை ஜாதகம்போல ஒருமுறை எழுதிவைத்துக்கொள்ள முடியாது. ஒரே முகத்தில் நெற்றியும் மூக்கும் எண்ணெய் வழிய, கன்னம் வறண்டு கிடக்கும். மே மாதத்து முகமல்ல மார்கழி முகம். பஸ்ஸில் வேர்த்து, ஏ.சி. அறையில் எட்டு மணி நேரம் காய்கிற முகம் ஒரே நாளில் இரண்டு ரகம்.

மருத்துவத்தில் புழங்கும் இன்னொரு பட்டியலும் உண்டு. ஹார்வர்டில் இருந்த தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-இல் போட்டது. புற ஊதாக் கதிரால் சிகிச்சை தரும்போது யாருக்கு எவ்வளவு என்று கணக்கிட, வெயிலில் தோல் எப்படிச் சிவக்கிறது, எப்படிக் கறுக்கிறது என்பதை வைத்து வகுத்தது. அதில் வெள்ளைத் தோலுக்கு நான்கு ரகம். பழுப்பும் கறுப்பும் பின்னால் சேர்க்கப்பட்டவை, ஐந்து, ஆறு என்று. உலக இலக்கிய வரலாறுகளின் கடைசி அத்தியாயத்தில் நம்மைச் சேர்ப்பதுபோல. தி. நகரில் ஒரு சாயங்காலம் ரங்கநாதன் தெருவில் எதிரே வருகிற முகங்களைப் பார்த்தால், ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் எத்தனை நிறம் இருக்கிறது என்பது தெரியும்.

4

சோப்பு என்பது எண்ணெயையும் காரத்தையும் சேர்த்துக் காய்ச்சியது. கரைந்த சோப்பின் காரத்தன்மை பி.எச். கணக்கில் 9, 10 வரை போகும். தோலின் மேற்பரப்பு ஏறக்குறைய 5, அதாவது லேசான அமிலம். இது முதல் சண்டை. இரண்டாவது, மேல்தோலின் செல்களுக்கு இடையில் சாந்துபோல ஒரு கொழுப்புப் பூச்சு இருக்கிறது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமல் அதுதான் காக்கிறது. சோப்புக்கு மவுண்ட் ரோடு புகையும் இந்தக் கொழுப்பும் ஒன்றுதான். இரண்டையும் சேர்த்தே எடுக்கும். கழுவிய பிறகு முகம் 'இறுக்கமாக' இருப்பதைச் சுத்தத்தின் அடையாளமாக நாம் எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அது தோல் போடுகிற புகார்.

1979-இல் அமெரிக்காவில் ஃப்ராஷ், க்ளிக்மன் என்ற இரு தோல் மருத்துவர்கள், கடையில் விற்ற சோப்புகளைக் கரைத்துச் சிறு கிண்ணங்களில் ஊற்றி முன்கைத் தோலில் நாள்கணக்கில் கட்டிவைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை தோலைச் சிவக்கவும் உதிரவும் வைத்தன. மிகக் குறைந்த உபத்திரவம் செய்தது டவ். வேடிக்கை என்னவென்றால் 1957-இல் வந்த அது கண்டிப்பான அர்த்தத்தில் சோப்பே அல்ல. அதன் முக்கியச் சரக்கு தேங்காயெண்ணெயிலிருந்து வேறு வழியில் செய்த, காரம் இல்லாத நுரைப்பொருள்.

இங்கே நம்மூர் சோப்பு அறிவு ஒன்றைக் கவனிக்க வேண்டும். உறையில் டி.எஃப்.எம். 76 என்று போட்டிருந்தால் முதல் தரம், 70 என்றால் இரண்டாம் தரம், 60 என்றால் மூன்றாம் தரம். இது இந்தியத் தர நிர்ணயம். படித்தவர்கள் இந்த எண்ணைப் பார்த்து வாங்குகிறார்கள். கூடினால் சாதுவானது என்று எண்ணம். அந்த எண் சொல்வது கட்டியில் கொழுப்பமிலச் சரக்கு எவ்வளவு, மாவும் கல்லும் கலந்து ஏமாற்றவில்லையா என்பதை மட்டும். சாதுத்தன்மை அந்த அளவுகோலில் ஏறவேயில்லை. முகத்துக்கு உகந்தவை என்று டாக்டர் எழுதித்தருபவை பெரும்பாலும் இந்தப் பட்டியலுக்கு வெளியே, 'குளியல் கட்டி' என்ற பெயரிலோ திரவமாகவோ இருக்கின்றன. கதையின் தரத்தைப் பக்க எண்ணிக்கையில் தேடுகிற காரியம்தான்.

5

புட்டிகள் எல்லாம் உங்கள் சருமம் என்ன ரகம் என்று கேட்கின்றன. உங்கள் தண்ணீர் என்ன ரகம் என்று ஒன்றும் கேட்பதில்லை. தென் சென்னையில் முதலில் கேட்க வேண்டியது அதுதான்.

பெசன்ட் நகரிலிருந்து திருவான்மியூர்வரை கடலை ஒட்டிய மணலில் இனிப்பும் உப்பும் நிலத்தடியில் அடுத்தடுத்து இருக்கின்றன. அதிகம் உறிஞ்சினால் உப்பு ஏறுகிறது. 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபின் பல தெருக்களில் கிணறு தேறியது. 2019 கோடையில் மறுபடி குடங்களோடு லாரிக்குக் காத்திருந்தோம். 2013 முதல் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கி நாளொன்றுக்குப் பத்து கோடி லிட்டர் தரும் ஆலை தென் சென்னைக்கு ஊற்றுகிறது. ஆக, ஒரே வீட்டில் ஒரு குழாயில் மெட்ரோ வாட்டர், இன்னொன்றில் போர் தண்ணீர், தட்டுப்பாடு வந்தால் எங்கிருந்தென்று தெரியாத லாரித் தண்ணீர்.

போர் தண்ணீரின் சுண்ணாம்பும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்தால் கரையாத ஒரு பிசுக்கு உண்டாகிறது. வாளியின் விளிம்பில் படிகிற சாம்பல்நிற வளையம் அதுதான். அதே வளையம் கண்ணுக்குத் தெரியாமல் முகத்திலும் தங்குகிறது. சோப்பில்லாத நுரைப்பொருள்களுக்கு இந்தத் தொல்லை மிகவும் குறைவு. கடினத் தண்ணீர் உள்ள பகுதிப் பள்ளிக் குழந்தைகளிடம் எக்ஸிமா அதிகம் காணப்படுகிறதென்று 1998-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் கண்டார்கள். ஆனால் 2011-இல் வெளிவந்த இன்னொரு பரிசோதனையில், வீட்டில் தண்ணீரை மென்மையாக்கும் கருவி பொருத்தியும் ஏற்கெனவே எக்ஸிமா வந்த குழந்தைகளுக்கு அதனால் கூடுதல் குணம் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். நான் சொல்ல வருவது இவ்வளவே: போர் தண்ணீர் வீட்டில் சோப்பை மாற்றிக்கொண்டே இருப்பதைவிடக் குழாயை மாற்றுவது மலிவு. என் சித்தி பெண் இப்போது சமையலறைக் குழாயில் பிடித்த மெட்ரோ தண்ணீரில் முகம் கழுவுகிறாள். எரிச்சல் குறைந்ததில் பாதி அதனால்தான் என்கிறாள்.

6

இந்த இடத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு அத்தை எழுந்து நிற்பாள். 'கெமிக்கல் எதுக்குடி? பயத்தமாவு போடு.' மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் டப்பா செட்டி கடை போன்ற நாட்டுமருந்துக் கடைகளில் இன்றும் நலங்குமாவுச் சாமான்கள் வாங்கலாம். பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ. நல்ல வாசனை, நல்ல ஞாபகம். மரபு என்றாலே மூக்கைப் பிடித்துக்கொள்கிற நவீனத்துவம் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் மரபையும் திருப்பிப் பின்பக்கம் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்குப் பின்பக்கம் அச்சிடப்படவில்லை என்பதால் இன்னும் கவனமாக.

பயத்தமாவு எண்ணெயை உறிஞ்சும், காரம் கிடையாது. சல்லடையில் நன்றாகச் சலிக்காவிட்டால் ஒவ்வொரு துகளும் ஒரு சிறு அரம். சீயக்காயும் பூந்திக்கொட்டையும் சாபோனின் என்ற இயற்கை நுரையால் வேலை செய்பவை, கொழுப்பை அவையும்தான் எடுக்கும். சில கலவைகளில் கார்போகரிசி சேர்ப்பதுண்டு. அதில் சோராலென் இருக்கிறது. தோலை வெயிலுக்குக் கூர்மையாக்கும் சரக்கு. ஃபிட்ஸ்பாட்ரிக் பட்டியல் போட்டதே இந்தக் குடும்பத்து மருந்தைக் கொடுத்துக் கதிர் பாய்ச்சும் சிகிச்சைக்காகத்தான். வெண்குஷ்டத்துக்குப் பழைய வைத்தியர்கள் கார்போகரிசியைப் பயன்படுத்தியதில் ஞானம் இருந்தது. அதை அரைத்துத் தடவிக்கொண்டு பகல் வெயிலில் பஸ்ஸுக்கு நிற்பதில் ஞானம் இல்லை.

மரபில் மெச்சவேண்டியது பொருள்களைவிட வரிசை. எண்ணெய்க் குளியலில் முதலில் எண்ணெய், பிறகு அரப்பு. எடுப்பதற்கு முன்னால் கொடுத்துவிடுகிறார்கள். தோலின் சொந்தக் கொழுப்பை விட்டுவிட்டு மேலே ஊற்றியதை எடுத்துக்கொள் என்று பேரம். ரயில்வே டாக்டராயிருந்த வி. பி. சித்தன் 1969-இல் சென்னையில் ஆயுர்வேதச் சரக்கைச் சோப்புக் கட்டிக்குள் கொண்டுவந்து மெடிமிக்ஸ் செய்தார். மூலிகை உள்ளே வந்தது. அந்தப் பழைய வரிசை எந்தக் கட்டிக்குள்ளும் வரவில்லை. வரவும் முடியாது, அது ஒரு காலைப்பொழுதைக் கேட்கிறது.

7

நாங்கள் வாங்கியது நுரை அதிகம் வராத, வாசனையில்லாத, நிறமில்லாத ஒரு திரவம். பின்பக்கத்தில் சோடியம் லாரில் சல்ஃபேட் இல்லை, கிளிசரின் முன்வரிசையில் இருந்தது. கடைப்பெண் அதைவிட விலை கூடிய, மஞ்சளும் குங்குமப்பூவும் படம் போட்ட ஒன்றை எடுத்துக்காட்டி, "இது க்ளோ தரும் மேடம்" என்றாள். இவள் வேண்டாமென்றாள். முகத்தில் அரை நிமிஷத்துக்கு மேல் நிற்காத ஒரு பொருளுக்கு வைட்டமினும் தங்கப்பொடியும் எதற்கு என்பது நியாயமான கேள்வி. காலையும் இரவும் இருமுறை, விரல் நுனியால், நாரோ பிரஷோ இல்லாமல். துண்டால் ஒற்றுவது, தேய்ப்பதில்லை. உடனே சாதாரண ஈரக்களிம்பு. எண்ணெய் அதிகமுள்ளவர்களுக்கு இன்னும் கொஞ்சம் நுரைக்கிறதும், வறண்டவர்களுக்கு நுரையே இல்லாததும் சரிப்படும். கழுவிப் பத்து நிமிஷம் கழித்து முகம் இழுக்கிறதா என்று பார்த்தால் போதும். ரகத்தைச் சொல்ல வேண்டியது அந்தப் பத்து நிமிஷம், பத்திரிகையின் வினாப்பட்டியல் அல்ல.

ஐந்து மாதம் ஆகிறது. சிவப்பு இறங்கிவிட்டது. கன்னத்துக் கோடுகள் முழுக்கப் போகுமா என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. நிறம் பழைய நிறத்துக்கே திரும்பிவிட்டது. சித்தி அதைக் குறையாகச் சொல்கிறாள். அடுத்த மாதம் இன்னொரு இடத்திலிருந்து வருகிறார்கள். போட்டோவை ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் வெளுத்துக் கொடுத்திருந்தார். இவள் அதைத் திருப்பியனுப்பிவிட்டு, ஆபீஸ் அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைத் தரகரிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறாள். சித்தி இன்னும் கொடுக்கவில்லை.