கடை யாருடையது?



கடல் கடந்து வாணிபம் செய்ய விரும்பும் நம் பிள்ளைகள் முதலில் விசாரிப்பது பணத்தைப் பற்றித்தான். முதலீடு எவ்வளவு, வாடகை எவ்வளவு, இலாபம் எத்தனை மாதத்தில் கிட்டும் என்று கேட்பார்கள். அந்தக் கடை சட்டத்தின் பார்வையில் யாருடையது என்னும் கேள்வி கடைசியில்தான் வரும். சிலருக்கு அது வராமலே போய்விடுவதும் உண்டு. அக்கேள்வியை நாம் ஆழ்ந்து சிந்திக்கும்படி செய்தவர், நம்மிடம் ஓதிச் சென்ற மாணவர் ஒருவர்.

அவர் இன்று கரீபியக் கடலில், வெனிசுவேலாவின் கரைக்கு அருகேயுள்ள டிரினிடாட் தீவில் பொறியாளராகப் பணிபுரிகிறார். ஜும்ஆத் தொழுகைக்குச் செல்லும் பள்ளிவாசலில் பழக்கமான உள்ளூர் நண்பர் ஒருவருடன் சேர்ந்து, சாகுவானாஸ் நகரில் துணிக்கடை தொடங்க விரும்பினார். முதலீடு முழுவதும் நம் மாணவருடையது. பதிவேட்டிலோ நண்பரின் பெயர் மட்டும் இருக்கும். "நான் வெளிநாட்டுக்காரன் ஹஜ்ரத். என் பெயரில் போட்டால் ஆயிரம் கேள்வி வரும். எங்களுக்குள் நம்பிக்கை இருக்கிறது. காகிதம் எதற்கு? இது மார்க்கத்தில் கூடும்தானே?" என்று தொலைபேசியில் வினவினார்.

நாம் உடனே விடை கூறவில்லை. கொடுக்கல் வாங்கல் பற்றிய வினாவுக்கு விடை சொல்லுமுன் நடப்பை நன்கு அறிந்துகொள்ள வேண்டும் என்பது நம் உஸ்தாதுமார்கள் நமக்குக் கற்றுத்தந்த முறை. "அந்நாட்டுச் சட்டம் உங்களிடம் என்ன கேட்கிறது என்று முதலில் அறிந்து சொல்லுங்கள், தம்பி" என்றோம். அவர் ஒரு வழக்கறிஞரைக் கண்டு விசாரித்தார். அவர் திரட்டியனுப்பிய விவரங்களை நாமும் அமர்ந்து படித்தோம்.

அந்நாட்டில் ஒருவர் தம் சொந்தப் பெயரிலேயே தனியாக வாணிபம் செய்தால் பெயர்ப் பதிவு வேண்டியதில்லை. கடைக்கு வேறு பெயர் சூட்டினால், அப்பெயருக்குப் பின்னால் இருப்பவர் யார் என்பதை வணிகப் பெயர்ப் பதிவுச் சட்டத்தின்படி தலைமைப் பதிவாளர் துறையில் எழுதிவைக்க வேண்டும். இதன் நோக்கம் எளியது. கடனுக்குச் சரக்கு கொடுப்பவர், தாம் யாரை நம்பிக் கொடுக்கிறோம் என்று அறியும் உரிமையுடையவர் அல்லவா?

கம்பெனியாகத் தொடங்குவதானால் 1995ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் பொருந்தும். முதலில், விரும்பும் பெயர் ஏற்கெனவே உள்ள ஒன்றோடு குழம்பாததா எனத் தேடச் செய்து, ஒப்புதல் பெற்று, அதை ஒதுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்து அமைப்பு விதிகளைத் தாக்கல் செய்ய வேண்டும். பங்குகள் எவ்வகை, அவற்றைக் கைமாற்றக் கட்டுப்பாடு உண்டா, இயக்குநர்கள் எத்தனை பேர் என்பன அதில் இடம்பெறும். அலுவலக முகவரி, இயக்குநர்கள், செயலாளர் ஆகிய விவரங்களும் உடன் செல்ல வேண்டும். இவற்றை இப்போது இணையம் வழியாகவே செய்யலாம். பதிவுச் சான்றிதழ் கிடைத்துவிட்டால் அக்கம்பெனி சட்டத்தின் முன் தனியொரு ஆளாகிவிடுகிறது. அதன் சொத்தும் கடனும் அதன் பெயரிலேயே நிற்கும்.

சான்றிதழோடு வேலை முடிந்துவிடுவதில்லை. உள்நாட்டு வருவாய்த் துறையில் வரி எண் பெற வேண்டும். கம்பெனியின் இலாபத்திற்குப் பொதுவாக 30 விழுக்காடு வரி உண்டு. ஆண்டு விற்பனை 6 இலட்சம் டிரினிடாட் டாலரைத் தாண்டினால் மதிப்புக் கூட்டு வரிக்குப் பதிந்துகொண்டு, 12.5 விழுக்காடு வசூலித்துச் செலுத்த வேண்டும். வேலைக்கு ஆள் வைத்தால் தேசியக் காப்புறுதி வாரியத்தில் முதலாளியாகப் பதிய வேண்டும். அந்தச் சந்தாவில் மூன்றில் இரு பங்கு முதலாளியைச் சாரும். ஒரு பங்கு தொழிலாளியின் ஊதியத்திலிருந்து பிடிக்கப்படும். 2024 ஜனவரி முதல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 20.50 டாலர். இவற்றுடன் கம்பெனி தொடங்கிய நாள் ஒவ்வோர் ஆண்டும் திரும்பி வந்த 30 நாட்களுக்குள் ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டும்.

இவற்றைப் படிக்கும்போது சுமையாகத் தோன்றலாம். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் உரிமையுடைய ஒருவர் நிற்பதைக் காணலாம். பெயர்ப் பதிவுக்குப் பின்னால் கடன் கொடுத்தவர் நிற்கிறார். காப்புறுதிக்குப் பின்னால் நாள் முழுதும் துணி மடித்து வைக்கும் பணியாளர் நிற்கிறார். நாம் ஹக்குல் இபாத் என்று மதரஸாவில் பாடம் நடத்துவது இவர்களுடைய உரிமையைப் பற்றித்தான்.

நம் மாணவரின் திட்டத்தை நேராகத் தொடும் விதி ஒன்றும் அதில் இருந்தது. 2019இல் கம்பெனிகள் சட்டத்தில் ஒரு திருத்தம் செய்தார்கள். பங்கு எவர் பெயரில் இருந்தாலும், அதன் மெய்யான உரிமையாளர் யார் என்பதைக் கம்பெனிக்கு அறிவிக்க வேண்டும். கம்பெனி அதைப் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும். பணமோசடியைத் தடுப்பதற்கான பன்னாட்டு அமைப்பு 2017இல் அந்நாட்டைத் தன் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்திருந்தது. சட்டங்களை இறுக்கிய பின்னர் 2020இல் அப்பட்டியலிலிருந்து அந்நாடு நீங்கியது. நம் ஊரில் பினாமி என்று சொல்கிறோமே, அதைப் பற்றித்தான் அந்தப் படிவம் கேட்கிறது. நண்பர் அதில் "நானே உரிமையாளர்" என்று எழுதிக் கையொப்பமிட்டால் அது பொய்ச் சாட்சியம். "இருவருக்கும் சம்மதம் என்பதால் பொய் மெய்யாகிவிடுமா, தம்பி?" என்று கேட்டோம். அவர் மௌனமாக இருந்தார்.

இன்னொன்றையும் அவர் அப்போதுதான் அறிந்தார். அவர் அஞ்சிய தடை உண்மையில் இல்லை. 1990ஆம் ஆண்டின் அந்நிய முதலீட்டுச் சட்டப்படி, வெளிநாட்டவர் உரிய விவரங்களை அரசுக்குத் தெரிவித்து, தனியார் கம்பெனி ஒன்றின் பங்குகள் அனைத்தையும்கூடத் தம் பெயரில் வைத்துக்கொள்ளலாம். தொழிலுக்கென 5 ஏக்கர் வரை நிலத்தைத் தனி உரிமம் இன்றியே வாங்கவும் அச்சட்டம் இடமளிக்கிறது. தடை இருந்தது வேறோர் இடத்தில். வெளிநாட்டவர் அங்கே 30 நாட்களுக்கு மேல் ஊதியத்திற்கோ இலாபத்திற்கோ உழைக்கப் பணி உரிமம் வேண்டும். பொறியாளர் பணிக்கென அவர் பெற்ற உரிமத்தைக் கொண்டு துணிக்கடையில் அமர்ந்து வாணிபம் செய்ய இயலாது. ஆக, பங்கு வைத்திருப்பது வேறு, கடையில் உழைப்பது வேறு. இந்த வேறுபாட்டை அறியாததால்தான் முழு உரிமையையும் மறைக்க முற்பட்டார்.

அந்தத் தீவின் பழைய வரலாறும் நம் நினைவுக்கு வந்தது. 1845ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், 'ஃபத்ஹுர் ரஸ்ஸாக்' என்ற பெயருடைய கப்பல் இந்தியக் கூலித் தொழிலாளர்களை முதன்முதலில் அங்கே இறக்கியது. 1917 வரை தொடர்ந்த அந்த ஏற்பாட்டில் கல்கத்தாவிலிருந்தும் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் மக்கள் சென்றார்கள். முஸ்லிம்களும் அவர்களுள் இருந்தார்கள். அவர்களுள் பலர் தாம் கைநாட்டு வைத்த ஒப்பந்தத்தைப் படிக்க அறியாதவர்கள். பின்னாளில் அவர்களுடைய நிகாஹ்கள் அரசுப் பதிவேட்டில் ஏறாததால் சட்டத்தின் முன் செல்லாதவையாக நின்றன. பிள்ளைகள் தகப்பனின் சொத்துக்கு உரிமை கோர இயலாமல் தவித்தார்கள். 1930களில் முஸ்லிம் திருமணப் பதிவுச் சட்டம் வந்த பிறகே அந்நிலை மாறத் தொடங்கியது. பள்ளிவாசலும் சாட்சிகளும் அறிந்திருந்த ஓர் உண்மையைப் பதிவேடு அறியாதிருந்தது. அதன் விலையைக் கைம்பெண்களும் எத்தீம்களும் கொடுத்தார்கள்.

இதைச் சொன்ன பிறகு நம் மாணவரிடம் ஒன்றே ஒன்று கேட்டோம். "நாளை உங்களுக்கு மவ்த் வந்துவிட்டால், ஊரில் இருக்கும் உங்கள் மனைவியும் மூன்று பிள்ளைகளும் அந்தக் கடையில் தங்கள் பங்கை எதைக் காட்டிக் கேட்பார்கள்?" வாரிசுப் பங்கீட்டை நம்மிடமே ஓதியவர் அவர். மனைவிக்கு எட்டில் ஒன்று என்று மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர். ஆனால் பதிவேட்டில் இல்லாத சொத்தில் எட்டில் ஒன்றை எங்கிருந்து எடுப்பது? நண்பர் நேர்மையாளர் என்றே வைத்துக்கொள்வோம். அவரும் இறந்துவிட்டால் அவருடைய வாரிசுகளுக்கு இந்த இரகசியம் தெரியுமா?

நண்பரிடம் இதைப் பேசியபோது அவர் முதலில் மனம் வருந்தினாராம். "என் மீது நம்பிக்கை இல்லையா?" என்றாராம். பிறகு வழக்கறிஞர் அவருக்கு மறுபக்கத்தை விளக்கினார். கடை நட்டப்பட்டால் வரி பாக்கியும் கடன்காரர்களும் ஏட்டில் பெயர் உள்ளவரையே தேடி வருவார்கள் என்றார். அந்த அச்சம் நண்பரின் மனைவிக்கும் முன்பே இருந்ததாம். சொல்லத் தயங்கியிருந்திருக்கிறார்.

பல வாரம் கலந்து பேசி, இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கம்பெனியில் இருவர் பெயரிலும் பங்கு இருக்கும். பெரும்பங்கு நம் மாணவர் பெயரில். கடையை நடத்துபவர் நண்பர்; அதற்கு ஊதியமும் இலாபத்தில் பங்கும் உண்டு. நம் மாணவர் தம் பொறியாளர் பணியைத் தொடர்வார், கல்லாவில் அமரமாட்டார். இலாப நட்டப் பங்கீட்டைத் தனியே எழுதிச் சாட்சிகளுடன் கையொப்பமிட்டார்கள். அதன் படி ஒன்று ஊரில் அவர் மனைவியிடம் இருக்கிறது. பதிவுக்கென வந்த செலவும் தாமதமும் அவர்களுக்குச் சிறியவை அல்ல. பெருநாள் வியாபாரம் ஒன்று கைநழுவிப் போயிற்று. ஆயினும் பொய் எழுதாமல் கடை திறந்தார்கள்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (அல்பகரா 282) கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பதைப் பற்றியது. அது ஒருவரையொருவர் நம்பி வாழ்ந்த சமூகத்தை நோக்கி இறங்கியது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். எழுதுவது நம்பிக்கையின்மையின் அடையாளம் அன்று. நாம் மறந்தாலும் மரித்தாலும் நம் நம்பிக்கை நிலைத்திருப்பதற்கான வழி அது.

வெளிநாட்டில் வாணிபம் தொடங்க எண்ணும் குடும்பத்தார் நினைவில் கொள்வீர்களாக. கட்டணங்களும் வரம்புகளும் அவ்வப்போது மாறும். அந்நாட்டு வழக்கறிஞரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பணி உரிமம் எதை அனுமதிக்கிறது என்பதைத் தனியே கேளுங்கள். ஆவணங்களின் படியை வீட்டுப் பெண்களிடம் கொடுத்து, அதில் உள்ளதை விளக்கிச் சொல்லுங்கள். யார் பெயரில் பணம் போகிறதோ அவர் பெயர் ஏட்டிலும் இருக்கட்டும்.

வல்ல நாயன் நம் அனைவரின் சம்பாத்தியத்தையும் ஹலாலானதாகவும் பரக்கத் நிறைந்ததாகவும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.