பலகையின் பின்பக்கம்

1960களில் அம்பத்தூர் எஸ்டேட்டிலும் ஆவடி டேங்க் ஃபேக்டரியிலும் வேலை கிடைத்து டெல்டாவிலிருந்து வந்தவர்கள் பலர். சிலர் ஊர் வீட்டுத் தஞ்சாவூர்ப் படத்தையும் கூடவே எடுத்துவந்தார்கள். எங்கள் வீட்டில் வெண்ணெய்க் கிருஷ்ணன். பலாமரப் பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் பூசி, புடைப்பு வைத்து, தங்க ரேக் ஒட்டிய படம். வரைந்தவர் பெயர் இல்லை. இரண்டாம் சரபோஜி (1798–1832) காலத்தில் செழித்த கலை இது. இதை வரைந்துவந்த ராஜு சமூக ஓவியர்கள் பெரும்பாலும் கையெழுத்தே போட்டதில்லை.

கண்ணாடி மாற்றக் கழற்றினால், பின்பக்கம் மங்கிய பென்சிலில் பாட்டியின் அக்கா பெயர், கீழே "திருவையாறு". அதை வைத்து விசாரித்து, பூந்தமல்லியில் இருக்கும் அவர் பேரனைக் கண்டுபிடித்தோம். அவர் வீட்டுக் கூடத்தில் கேன்வாஸில் எண்ணெய் வண்ணத்தில் கொள்ளுத்தாத்தா: காதில் கடுக்கன், அப்படியே எங்கள் சித்தப்பா மூக்கு! எனக்குப் பேச்சே வரவில்லை.

பழைய படத்தை ஃபிரேம் கடையில் கொடுக்கும் முன் பின்பக்கத்தையும் போட்டோ எடுத்துவையுங்கள். பழைய பின்னட்டையைத் தூக்கிப் போட விடாதீர்கள். யார் வீட்டுச் சீதனம், எந்த ஊர் என்று பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிவையுங்கள்.