மறுபடி ஓட்டினால் சரியாகிவிடுமா?

வீட்டு வாசலில் ‘கடகட’வென்று சத்தம் போட்ட ஸ்கூட்டர், மெக்கானிக் கடைக்குப் போனதும் பூனை மாதிரி அமைதியாகிவிடும். “நல்லாத்தானே ஓடுது?” என்பார் மெக்கானிக். வண்டிக்காரருக்கு, தான் பொய் சொல்லிவிட்ட மாதிரி கூச்சமாக இருக்கும். முழுசாகப் பழுதான வண்டியைச் சரிசெய்வது சுலபம். எப்போதாவது மட்டும் மக்கர் பண்ணும் வண்டிதான் ஆளைப் படுத்தி எடுக்கும்.

சாஃப்ட்வேர் உலகத்திலும் இதே கதைதான். ராத்திரி பதினொரு மணிக்கு லேப்டாப் முன்னால் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மகளிடம், “என்னம்மா பிரச்னை?” என்று கேட்டால், “டெஸ்ட் ஃபெயில் ஆகுதுப்பா” என்று பதில் வரும். “நேத்தும் இதையேதானே சொன்னே?” “இல்லப்பா, நேத்து பாஸ் ஆயிடுச்சு. நான் எதையும் மாத்தல. இன்னிக்கு மறுபடி ஃபெயில்.” கேட்டவருக்கு ஒன்றும் புரியாது. சொன்னவருக்கும் அந்த நேரத்தில் பாதிதான் புரிந்திருக்கும்.

பச்சையும் சிவப்பும்

ஒரு பெரிய சாஃப்ட்வேரைப் பல பேர் சேர்ந்து எழுதுகிறார்கள். ஒருவர் தன் திருத்தத்தைப் பொது இடத்தில் சேர்த்ததும், ஒரு கம்ப்யூட்டர் தானாகவே எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்து, ஆயிரக்கணக்கான சோதனைகளை ஓட்டிப் பார்க்கும். இதற்கு ‘கன்டினியூவஸ் இன்டக்ரேஷன்’ என்று பெயர். சுருக்கமாக ‘சிஐ’. எல்லாம் சரியாக இருந்தால் திரையில் பச்சை. ஒன்று தவறினாலும் சிவப்பு. சிவப்பு வந்துவிட்டால் அந்தத் திருத்தம் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

இந்தச் சோதனைகளில் பல, நெட்வொர்க் வழியாக இன்னொரு கம்ப்யூட்டரிடம் எதையாவது கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். அந்தக் காத்திருப்புக்கு ஐந்து விநாடி, பத்து விநாடி என்று ஒரு கெடு உண்டு. கெடுவுக்குள் பதில் வராவிட்டால் ‘டைம் அவுட்’. போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை என்றால் வைத்துவிடுவதில்லையா, அது போலத்தான். அந்தப் பக்கம் ஆள் குளிக்கப் போயிருக்கிறாரா, சிக்னல் இல்லையா, நம்பரே தப்பா என்பது போனை வைத்தவருக்குத் தெரியாது. டைம் அவுட்டும் ‘பதில் வரவில்லை’ என்று மட்டும்தான் சொல்லும். ஏன் வரவில்லை என்று சொல்லாது.

ஒரு எழுத்துகூட மாறாத புரோகிராம், காலையில் பச்சையும் மதியம் சிவப்புமாக மாறி மாறிக் காட்டினால், அந்தச் சோதனையை ‘ஃப்ளேக்கி டெஸ்ட்’ என்பார்கள். நம்ப முடியாத சோதனை.

எப்போதாவது ஒரு முறைதானே என்று விட்டுவிடலாமா? ஒரு சின்னக் கணக்கு. மொத்தம் 1,000 சோதனைகள். ஒவ்வொன்றும் 1,000 தடவைக்கு ஒரே ஒரு தடவைதான் வீணாகத் தவறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரத்தையும் சேர்த்து ஓட்டும்போது, எல்லாமே பாஸ் ஆகும் வாய்ப்பு 37 சதவீதம்தான். மூன்று தடவை ஓட்டினால் ஏறக்குறைய இரண்டு தடவை சிவப்பு!

கூகுள் மாதிரியான நிறுவனத்துக்கே இந்தத் தலைவலி உண்டு. தங்களிடம் உள்ள சோதனைகளில் கிட்டத்தட்ட 16 சதவீதம் ஏதோ ஓர் அளவுக்கு நம்ப முடியாதவை என்று 2016-ல் அந்த நிறுவனமே எழுதியது. பச்சையாக இருந்த சோதனை சிவப்பாக மாறிய தருணங்களில் சுமார் 84 சதவீதத்தில் இப்படிப்பட்ட சோதனைகள் சம்பந்தப்பட்டிருந்தன.

விளைவு என்ன? சிவப்பு வந்தால் யாரும் பதறுவதில்லை. “மறுபடி ஓட்டிப் பாரு, சரியாயிடும்” என்பதே அலுவலகத்தின் தாரக மந்திரமாகிவிடும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர், ‘நம்ம திருத்தம்தான் தப்போ’ என்று ஒரு நாள் முழுக்கத் தேடுவார். பக்கத்து சீட்டுக்காரர் வந்து, “அது அப்படித்தான், மறுபடி பட்டனை அமுக்குங்க” என்பார். ‘புலி வருது, புலி வருது’ கதைதான். நிஜமாகவே புலி வரும் நாளிலும் பட்டனைத்தான் அமுக்குவார்கள்.

மறுபடி முயல்வதே தப்பு என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்கக் கம்ப்யூட்டர் அறிஞர் ஜிம் கிரே 1985-ல் எழுதிய ஒரு கட்டுரையில், தேடிப் போனால் மறைந்துவிடும் கோளாறுகளை ‘ஹைசன்பக்’ என்று குறிப்பிட்டார். இயற்பியல் மேதை ஹைசன்பெர்க்கின் பெயரை ஒட்டி வந்த சொல் அது. ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரில் இப்படிப்பட்ட தவறு வந்தால், அதே வேலையை மறுபடி செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்பது அவர் வாதம். ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் நடுவழியில் நின்றுவிடக் கூடாது என்றால் அது நல்ல வைத்தியம். ஆனால், சோதனைக்கூடத்தின் வேலையே கோளாறைக் கண்டுபிடிப்பதுதான். அங்கேயும் அதே மருந்தைக் கொடுத்தால், ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை குறைவாக வரும்வரை திரும்பத் திரும்ப ரத்தம் கொடுப்பது போலாகிவிடும்.

500 மைல் தாண்டாத மின்னஞ்சல்

எப்போதாவது வரும் கோளாறுக்கும் ஒரு காரணம் உண்டு. பல சமயம் அது ஓர் எண்ணில் ஒளிந்திருக்கும். இதற்கு, சாஃப்ட்வேர்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரிக்கும் ஒரு கதை இருக்கிறது. ட்ரே ஹாரிஸ் என்பவர் 2002-ல் எழுதியது. சில விவரங்களைச் சுருக்கியும் மாற்றியும் சொல்லியிருப்பதாக அவரே குறிப்பிட்டிருக்கிறார்.

அமெரிக்காவின் வடக்கு கரோலினா பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் மின்னஞ்சல் அமைப்பைக் கவனித்துவந்தார் அவர். ஒரு நாள் புள்ளியியல் துறைத் தலைவர் போன் செய்து, தங்கள் துறையிலிருந்து 500 மைல், அதாவது சுமார் 800 கிலோமீட்டருக்கு மேல் மின்னஞ்சல் போகவில்லை என்றார். ஹாரிஸுக்குச் சிரிப்பதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை. மின்னஞ்சலுக்கு ஏது தூரம்? ஆனால், கேட்டவர்கள் புள்ளியியல்காரர்கள். பல நாள் கணக்கெடுத்து, வரைபடமே போட்டு வைத்திருந்தார்கள்.

ஹாரிஸ் சோதித்துப் பார்த்தார். 420 மைல் தூரத்தில் இருந்த நியூயார்க்குக்குப் போனது. 580 மைல் தூரத்தில் இருந்த பிராவிடன்ஸுக்குப் போகவில்லை. புகார் நிஜம்!

தேடியபோது காரணம் கிடைத்தது. யாரோ வந்து சர்வரைப் புதுப்பிக்கிறேன் என்று வேலை பார்த்ததில், மின்னஞ்சல் அனுப்பும் புரோகிராமின் பழைய பதிப்பு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. புதிய பதிப்புக்காக எழுதிய அமைப்புகள் அதற்குப் புரியவில்லை. அதனால், எதிர்முனைக்காகக் காத்திருக்க வேண்டிய கெடு ‘பூஜ்யம்’ ஆகிவிட்டது. பூஜ்யம் என்றாலும், அந்த கம்ப்யூட்டர் கைவிடுவதற்கு ஒரு விநாடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் மூன்று பங்கு நேரம் ஆகிக்கொண்டிருந்தது. அந்த நேரத்துக்குள் ஒளி எவ்வளவு தூரம் போகும் என்று ஹாரிஸ் கணக்குப் போட்டார். சுமார் 558 மைல்! மர்மத்தின் சாவி, தவறாகிப் போன ஒரு டைம் அவுட்.

எண் சொல்லும் துப்பு

நம் காலத்து சிஐ சோதனைகளிலும் இப்படிப்பட்ட எண்கள் உண்டு. அவற்றில் மிகவும் பேசப்பட்டது, ஐந்து விநாடி.

ஒரு புரோகிராம் இன்னொரு சர்வரிடம் பேச வேண்டுமென்றால், முதலில் அதன் பெயரைச் சொல்லி முகவரி வாங்க வேண்டும். இந்த விசாரணைக்கு ‘டிஎன்எஸ்’ என்று பெயர். லினக்ஸ் கம்ப்யூட்டர் பல நேரம் ஒரே சமயத்தில் இரண்டு சீட்டு அனுப்பும். ஒன்று பழைய வகை முகவரிக்கு, இன்னொன்று புதிய வகை முகவரிக்கு. சிஐ சோதனைகள் பெரும்பாலும் ‘கன்டெய்னர்’ என்ற தனித் தனிச் சின்ன அறைகளுக்குள் ஓடுகின்றன. அறை வாசலில் ஒரு காவலாளி மாதிரி, வெளியே போகும் ஒவ்வொரு சீட்டையும் நோட்டில் பதிவுசெய்யும் ஏற்பாடு உண்டு. பதில் வந்தால் யாரிடம் கொடுப்பது என்று தெரிய வேண்டுமே!

இரண்டு சீட்டும் துளி இடைவெளிகூட இல்லாமல் ஒன்றாக வந்தால், நோட்டில் ஒரே வரிக்குப் போட்டி வந்துவிடும். ஒரு சீட்டு பதிவாகும். இன்னொன்றைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். கேட்டவருக்கு இது தெரியாது. லினக்ஸின் வழக்கமான ஏற்பாட்டின்படி ஐந்து விநாடி காத்திருந்து மறுபடி கேட்பார். உடனே பதில் கிடைக்கும். ஆனால், சோதனைக்கு வைத்த கெடுவும் ஐந்து விநாடி என்றால்? சிவப்பு!

பெரும்பாலான நேரம் இரண்டு சீட்டும் மயிரிழை முன்னே பின்னே வருவதால் பச்சை. லேப்டாப்பில் அந்தக் காவலாளி வழக்கமாகக் குறுக்கே இருப்பதில்லை, அதனால் அங்கேயும் பச்சை. “என் மெஷின்ல ஓடுதே!” என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. 2018 வாக்கில் பல இன்ஜினீயர்கள் இதைத் துருவி ஆராய்ந்து விளக்கினார்கள். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலும் இதற்கான திருத்தங்கள் சேர்ந்தன.

இதைப் பிடிக்கும் வழி வேடிக்கையானது. ஐந்து விநாடிக் கெடுவை முப்பது விநாடி ஆக்கிவிட்டு, சோதனையை நூற்றுக்கணக்கான முறை ஓட்ட வேண்டும். கெடுவை நீட்டுவது வைத்தியம் அல்ல. எத்தனை விநாடியில் முடிகிறது என்று பார்ப்பதற்காக மட்டும். தாமதமானவை எல்லாம் ஐந்து விநாடியை ஒட்டியே முடிந்தால், டிஎன்எஸ் மேல் சந்தேகப்படலாம். ஒன்று, மூன்று, ஏழு விநாடி என்று முடிந்தால், இணைப்புக்கான முதல் அழைப்பே தொலைந்து, லினக்ஸ் மறுபடி மறுபடி கூப்பிட்டிருக்கிறது என்று அர்த்தம். லினக்ஸின் பழைய பதிப்புகள் ஒரு விநாடி, பிறகு இரண்டு, பிறகு நான்கு என்று இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டே போகும். முப்பது விநாடி ஆகியும் முடியவே இல்லையென்றால், எதிர்முனையில் கேட்க ஆளே இல்லையோ என்று பார்க்க வேண்டும். நேரம் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடந்தால், மெஷினுக்கு வேலை அதிகமாகிவிட்டது என்று யோசிக்கலாம்.

கோளாறு எப்போதும் நெட்வொர்க்கில்தான் இருக்கும் என்பதும் இல்லை. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2014-ல், இப்படிப்பட்ட சோதனைகளைச் சரிசெய்த 201 திருத்தங்களை எடுத்து ஆராய்ந்தார்கள். அவர்கள் வகைப்படுத்தியவற்றில் சுமார் 45 சதவீதத்துக்குக் காரணம், காத்திருக்கும் விதத்தில் இருந்த தவறு. ‘இரண்டு விநாடி தூங்கு, அதற்குள் சர்வர் தயாராகிவிடும்’ என்று எழுதி வைப்பது இந்த ரகம். பால் பொங்க நாலு நிமிஷம் ஆகும் என்று கடிகாரத்தைப் பார்த்து அடுப்பை அணைப்பது போல. பாலைப் பார்த்துத்தானே அணைக்க வேண்டும்? ‘சர்வர் தயார்’ என்ற பதில் வந்த பிறகு சோதனை தொடங்கினால், மெஷின் எவ்வளவு மந்தமாக இருந்தாலும் கவலையில்லை.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும். ‘மறுபடி ஓட்டு’ பட்டனுக்கு ஒரு விநாடி போதும். காரணம் தேட இரண்டு நாள் ஆகலாம், கடைசியில் கிடைப்பது ஒரு வரித் திருத்தமாக இருக்கலாம். அந்த இரண்டு நாளுக்குக் கணக்குக் காட்டுவது எந்த ஊழியருக்கும் கஷ்டம்தான். “ஒரு வரிக்கு இவ்வளவு நேரமா?” என்று கேட்கும் மேலாளர்களும் உண்டு.

ஆனால், சோதனையில் தெரியும் தாமதம் சில சமயம் சோதனைக்கு மட்டும் சொந்தமானது இல்லை. அதே புரோகிராம்தான், அதே மாதிரி கன்டெய்னருக்குள், நாளை வாடிக்கையாளர்களுக்காக ஓடப்போகிறது. 200 முறைக்கு ஒரு முறை தவறும் ஒரு கோளாறு, ஒரு நாளைக்கு ஒரு லட்சம் பேர் பணம் அனுப்பும் இடத்தில் 500 பேரைப் பிடிக்கும். மருந்துக் கடையில் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, போனில் சுற்றும் வட்டத்தையே பார்த்துக்கொண்டு நிற்பவர் அந்த 500 பேரில் ஒருவராக இருக்கலாம். பணம் போயிற்றா, இல்லையா என்று தெரியாமல் மறுபடி அனுப்ப அவருக்குப் பயமாக இருக்கும்.